பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. - கழற்றும் முன் காப்பி எடுங்கள்!

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் 2012ஆம் ஆண்டில் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3 2120 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கிய புதிதில் திருப்பாச்சூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் வேகமான கம்ப்யூட்டர். காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பா, அதில்தான் பில் போடுவார். தங்கை அதில்தான் படித்தாள்.

2023ஆம் ஆண்டில் அதே கம்ப்யூட்டரை ஆன் செய்தால், டெஸ்க்டாப் வந்து, பிரவுசர் திறந்து, வேலையைத் தொடங்க நான்கு நிமிடம் ஆனது. பில் போட அவசரமாக உட்காரும் அப்பாவுக்கு அது நாற்பது நிமிடமாகத் தெரியும். "புதுசே வாங்கிடலாமாப்பா? முப்பதாயிரம் ஆகும்னு கடையில சொல்றாங்க" என்று கேட்டார். "ஒரு வாரம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினேன். கூடவே 4 ஜிபி ராம். மொத்தச் செலவு மூவாயிரம் ரூபாய்க்குள். நான்கு நிமிடம், 30 விநாடிக்குள் வந்துவிட்டது.

இதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஆனால் இதே வேலையை 2019ல் இன்னொரு வீட்டில் அவசரப்பட்டுச் செய்து, திரும்பக் கிடைக்காத ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்.

முதலில், தாமதம் எங்கே?

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் எல்லாவற்றுக்கும் எஸ்.எஸ்.டி. மருந்தல்ல. வைரஸ் இருக்கலாம். தூசி அடைத்து பிராசசர் சூடாகலாம். ராம் போதாமல் இருக்கலாம். எனவே முதலில் சோதித்துப் பாருங்கள்.

விண்டோஸ் 10ல் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் டேப்பைக் கிளிக் செய்யுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக வரைபடங்கள் தெரியும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் சிபியு 10, 20 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். மெமரியும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ராமும் போதவில்லை என்று பொருள். ராம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ராம் போலப் பயன்படுத்தும். அப்போது இரண்டு தாமதமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் இருந்தது இந்த நிலைதான்.

சிபியு 100 சதவீதத்தில் நின்றால் நிறுத்துங்கள். எஸ்.எஸ்.டி. வாங்கிப் பயனில்லை. காரணம் வேறு.

ஹார்ட் டிஸ்க் ஏன் பின்தங்குகிறது?

ஹார்ட் டிஸ்க் ஒரு இயந்திரம். உள்ளே வட்டத் தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஹெட் நகர்ந்து சென்று தகவலைப் படிக்கிறது. டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லி விநாடி அளவு. மொத்தம் ஏறக்குறைய 13 மில்லி விநாடி.

கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கில், தட்டில் இங்குமங்கும் சிதறிக் கிடக்கும் சிறிய பைல்களை விநாடிக்கு 80 முறைகூட ஹார்ட் டிஸ்க்கால் எட்டிப் பிடிக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறிய பைல்களைப் படிக்கிறது. நிமிடக் கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற பிளாஷ் மெமரி சிப்களும், அவற்றை நிர்வகிக்கும் ஒரு கண்ட்ரோலர் சிப்பும்தான். கேட்ட தகவல் 0.1 மில்லி விநாடி அளவில் கிடைத்துவிடும். வேக வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல்.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956ல் ஐபிஎம் தயாரித்த ராமாக் கம்ப்யூட்டரில் வந்தது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் கொண்ட அந்த அலமாரியில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் பதிய முடிந்தது. இன்று ஒரு எம்பி3 பாட்டுக்கே அது சரியாகப் போய்விடும். நாம் பயன்படுத்தும் நாண்ட் பிளாஷ் மெமரி, ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா என்ற பொறியாளரின் முயற்சியால் 1987ல் வெளிவந்தது. 2008ல் இன்டெல் தன் எக்ஸ்25எம் எஸ்.எஸ்.டி.யை அறிமுகப்படுத்தியபோது 80 ஜிபிக்கு மொத்த விலையே 595 டாலர். அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல்! பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதைப் போல மூன்று மடங்கு கொள்ளளவை நான் 1,500 ரூபாய்க்குள் வாங்கினேன்.

உங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா?

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான, மெல்லிய கேபிள் சென்றால் அது சாட்டா. எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். நான்கு விரல் அகலத்துக்குப் பட்டையான ரிப்பன் கேபிள் சென்றால் அது ஐடிஇ. பழைய பென்டியம் 4 காலத்து போர்டுகள் பலவும் அப்படித்தான் இருக்கும். சாட்டா வசதியே இல்லாத கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

சாட்டாவிலும் மூன்று தலைமுறைகள் உண்டு. சாட்டா 3ல் விநாடிக்கு 550 எம்பி வரை எஸ்.எஸ்.டி. வேலை செய்யும். சாட்டா 2ல் அதில் பாதிதான். எங்கள் எச்61 போர்டில் இருப்பது சாட்டா 2 மட்டுமே. "பாதி வேகம்தானே, எதற்கு வாங்க வேண்டும்?" என்று நினைக்க வேண்டாம். பெரிய சினிமா பைலைக் காப்பி செய்யும்போது மட்டுமே அந்த வித்தியாசம் தெரியும். அன்றாட வேலையில் நமக்குத் தேவை, சிறிய பைல்களை உடனே எட்டிப் பிடிப்பது. அந்த லாபம் சாட்டா 2லும் முழுதாகக் கிடைக்கிறது.

எதை வாங்குவது?

கடையில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டால் இரண்டு வடிவங்களைக் காட்டுவார்கள். ஒன்று, சீட்டுக்கட்டு போன்ற 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. மற்றொன்று, சூயிங்கம் பட்டை போல் நீளமாக இருக்கும் எம்.2. பழைய டெஸ்க்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டாதான் சரி. எம்.2 வகையில் என்விஎம்இ என்பது வேகம் மிகுந்ததுதான். ஆனால் பழைய போர்டில் அதற்கு இடமே இருக்காது. அடாப்டர் கார்டு போட்டுப் பொருத்தினாலும், பழைய பயாஸ் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது.

கொள்ளளவு? விண்டோஸ், ஆபீஸ், பிரவுசர், பில் போடும் சாப்ட்வேர் ஆகியவற்றுக்கு 240 ஜிபி போதும். போட்டோக்களும் சினிமாக்களும் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம். ஒரே டிரைவில் எல்லாம் வேண்டுமானால் 480 அல்லது 500 ஜிபி பாருங்கள்.

எங்கள் பகுதியினர் திருவள்ளூரிலிருந்து மின்சார ரயில் பிடித்து சென்ட்ரல் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். எங்கு வாங்கினாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தெரிந்த கம்பெனியா, பில் உண்டா, வாரண்டி எத்தனை வருடம். மெமரி சிப்களின் விலை நிலையானதல்ல. 2023ல் சரிந்து கிடந்த விலை, 2025 கடைசியில் நன்றாகவே ஏறியது. எனவே வாங்கும் நாளில் இரண்டு, மூன்று கடைகளில் விசாரியுங்கள். நம்ப முடியாத விலையில் 2 டிபி எஸ்.எஸ்.டி. என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். உள்ளே சிறிய மெமரி கார்டை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் உண்டு.

கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிள், 2.5 அங்குல டிரைவை 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் பிராக்கெட், ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கவரைப்பேட்டையில் நான் செய்த தவறு

2019ல் நான் இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவன். கவரைப்பேட்டையில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது என்றார். உற்சாகமாக எஸ்.எஸ்.டி. வாங்கிப் போனேன். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றும் குளோன் சாப்ட்வேரை ஓடவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். ஹார்ட் டிஸ்க் எப்படி இருக்கிறது என்று சோதிக்கவில்லை. எதையும் தனியாகக் காப்பி எடுக்கவில்லை. "எல்லாம்தான் குளோனில் வந்துவிடுமே" என்ற நினைப்பு.

கால்வாசி முடிந்த நிலையில் 'டக், டக்' என்று ஒரு சத்தம். பிறகு குளோன் நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் பயாஸிலேயே ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை. டேட்டா மீட்கும் இடத்தில் காட்டினோம். ஹெட் பழுதாகித் தட்டையும் கீறிவிட்டது என்றார்கள். சித்தப்பா டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பிள்ளைகளின் காதுகுத்து, எங்கள் பாட்டி கடைசியாக வந்து தங்கியிருந்த பொங்கல், எதற்கும் வேறு பிரதி இல்லை. "பரவால்லப்பா, நீ என்ன பண்ணுவ" என்றார் சித்தி. உண்மையில் நான் செய்திருக்க வேண்டியது நிறைய இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்ததற்குக் காரணம் வயது மட்டுமல்ல. ஹார்ட் டிஸ்க் சாகும் நிலையில் இருந்தது. பழுதான இடத்தைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயலும். அதைத்தான் நாம் 'ஸ்லோ' என்கிறோம். குளோன் செய்யும்போது முதலிலிருந்து கடைசி வரை மணிக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கும். நலிந்த டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடலாம். அதற்குள் முக்கியமான 20, 30 ஜிபி வெளியே வந்திருந்தால், இழப்பு வெறும் ஒரு டிஸ்க்கோடு போயிருக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையை எப்படி அறிவது?

ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைக்கின்றன. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் இதைப் படித்துக் காட்டும். நீலத்தில் 'குட்' என்று வந்தால் நலம். மஞ்சளில் 'காஷன்' என்றால் எச்சரிக்கை. சிவப்பில் 'பேட்' என்றால் ஆபத்து.

அதன் கீழே உள்ள பட்டியலில் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று 'ரீஅலகேட்டட் செக்டர்ஸ் கவுண்ட்'. பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை இது. மற்றொன்று 'கரண்ட் பெண்டிங் செக்டர் கவுண்ட்'. படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், வேறு எதையும் செய்யாமல் முதலில் காப்பி எடுங்கள். வித்தியாசமான சத்தம் ஏற்கெனவே வருகிறதென்றால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் பழுதைக் கூட்டும்.

'குட்' என்று வந்தாலும் காப்பி எடுக்க வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் போகும் டிஸ்க்குகளும் உண்டு.

எதையெல்லாம் காப்பி எடுப்பது?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில், திரும்பப் பெற முடியாதவற்றை முதலில் போடுங்கள். போட்டோ, வீடியோ, சொந்த டாகுமெண்ட்கள், கணக்குகள். சினிமாவும் சாப்ட்வேரும் கடைசியில். பலர் மறக்கும் இடங்கள் இவை:

1. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போல்டர்கள். இவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன. பார்மட் செய்தால் போய்விடும்.

2. தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கடிதங்கள் உங்களிடம் இருக்கலாம். புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸ் போல்டருக்குள் உள்ள பாண்ட்ஸ் போல்டரிலிருந்து அவற்றைக் காப்பி செய்துகொள்ளுங்கள்.

3. டேலி. கம்பெனி டேட்டாவை டேலியிலேயே உள்ள பேக்கப் வசதியில் எடுங்கள். விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால், அதற்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். பிறகு மீண்டும் ஆக்டிவேட் செய்யலாம். அப்பாவின் கம்ப்யூட்டரில் இதை முதல் நாளே முடித்தேன்.

4. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும்.

5. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றின் டிரைவர் புரோகிராம்கள். பழைய பிரிண்டரின் டிரைவரைப் பிறகு தேடி அலைவதைவிட இப்போதே டவுன்லோட் செய்து வைப்பது நல்லது.

காப்பி ஆனதும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்து போட்டோக்களையாவது திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பி.

குளோனா, புது இன்ஸ்டலேஷனா?

குளோன் செய்தால் எல்லா புரோகிராம்களும் இருந்தபடியே வரும். ஆனால் பல வருடக் குப்பையும் சேர்ந்து வரும். மேலும், ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. சிறியதென்றால் சிக்கல். குளோன்ஜில்லா போன்ற இலவச சாப்ட்வேர், வழக்கமான முறையில் சமமான அல்லது பெரிய டிஸ்க்கையே கேட்கும். எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்தால், காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் பதிந்துவிடும். டிஸ்க்கின் பெயரையும் கொள்ளளவையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே தொடருங்கள்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஆன விண்டோஸ் என்றால் புதிதாக இன்ஸ்டால் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10ன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை ஒட்டியே இருப்பதால், டிஸ்க்கை மாற்றினாலும் இன்டர்நெட் இணைப்பு வந்தவுடன் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

பொருத்தும் முறை

பவர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். மீதி மின்சாரம் வெளியேறும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இதனால் இறங்கிவிடும்.

எஸ்.எஸ்.டி.யை பிராக்கெட்டில் வைத்து, அதனுடன் வரும் சிறிய ஸ்க்ரூக்களால் முடுக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கின் தடித்த ஸ்க்ரூ இதற்குப் பொருந்தாது. வலிந்து திருகினால் மரை கெடும். சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் எந்தத் திசையிலும் பொருத்தலாம்.

டேட்டா கேபிளை மதர்போர்டில் சாட்டா 0 அல்லது 1 என்று எண்ணிட்ட இடத்தில் செருகுங்கள். சாட்டா 3 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பட்டையான பவர் கனெக்டரை எஸ்.எஸ்.டி.யில் மாட்டுங்கள். இரண்டுமே ஒரே பக்கமாகத்தான் பொருந்தும். எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய நான்கு பின் கனெக்டர் மட்டும் இருந்தால் மாற்றுக் கேபிள் தேவை. இதில் மலிவான, பிளாஸ்டிக்கோடு வார்த்து ஒட்டிய வகையைத் தவிருங்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

முக்கியமான ஒன்று: விண்டோஸ் இன்ஸ்டால் ஆகி முடியும்வரை பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், தவறான டிஸ்க்கை பார்மட் செய்துவிடும் அபாயம் உண்டு. மேலும், விண்டோஸ் தன் பூட் பைல்களைப் பழைய டிஸ்க்கில் போட்டுவிடலாம். பிறகு அதைக் கழற்றினால் எஸ்.எஸ்.டி.யிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்காது.

பயாஸில் ஒரு மாற்றம், ஒரு பேட்டரி

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ என்று இருந்தால், அதை ஏஎச்சிஐ என்று மாற்றி சேவ் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. முழுத் திறனுடன் வேலை செய்ய இது வேண்டும். புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். குளோன் செய்தவர்கள் நேரடியாக மாற்றினால் நீலத் திரை வந்து நின்றுவிடும். அவர்கள் எம்எஸ்கான்பிக் மூலம் சேப் மோடைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸில் மாற்றி, சேப் மோடில் ஒருமுறை நுழைந்தால் விண்டோஸ் புது டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு சேப் மோடை எடுத்துவிடலாம்.

இப்போது அந்த பட்டன் பேட்டரி. பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது மதர்போர்டில் உள்ள இந்த சிஆர்2032 பேட்டரிதான். பத்து வருடக் கம்ப்யூட்டரில் அது தீர்ந்திருக்கும். நம் ஊர் மின்வெட்டில் ஒருமுறை பவர் போனால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, ஏஎச்சிஐ மீண்டும் ஐடிஇ ஆகிவிடும். மறுநாள் விண்டோஸ் தொடங்காது. எஸ்.எஸ்.டி. பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிச் செல்வோம். சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. மாற்றிய பின் கம்ப்யூட்டரின் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தவறாக இருந்தால் பல வெப்சைட்கள் திறக்காது.

பொருத்திய பிறகு

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே பார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே எடுத்து வையுங்கள். ஏதாவது மறந்திருந்தால் அந்த ஒரு மாதத்துக்குள் நினைவுக்கு வரும். ஸ்மார்ட் பரிசோதனையில் நலமாக இருந்தால், பிறகு அதை டி டிரைவாகவோ, யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப் டிஸ்க்காகவோ பயன்படுத்தலாம்.

எஸ்.எஸ்.டி.யை டிபிராக்மென்ட் செய்யத் தேவையில்லை. தேடு பெட்டியில் டிபிராக்மென்ட் என்று டைப் செய்து, கிடைக்கும் விண்டோவில் உங்கள் சி டிரைவ் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படிக் காட்டினால், நீக்கிய பைல்களின் இடத்தைச் சுத்தம் செய்யும் டிரிம் என்ற வேலையை விண்டோஸே கவனித்துக்கொள்ளும். டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்திருங்கள்.

"எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே?" என்று அப்பாவின் நண்பர் ஒருவர் கேட்டார். தேயும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 ஜிபி எஸ்.எஸ்.டி. பலவற்றில் 80 டிபி வரை எழுதலாம் என்று கம்பெனியே சொல்கிறது. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள். ஏறக்குறைய 11 வருடம்! வீட்டு உபயோகத்தில் அவ்வளவு எழுதவே மாட்டோம்.

பயப்பட வேண்டியது வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ, மெதுவாகியோ எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று நன்றாக இருந்துவிட்டு இன்று தெரியாமலே போய்விடலாம். டிரிம் இருப்பதால், தவறுதலாக அழித்த பைலை மீட்பதும் மிகக் கடினம். பல வருடம் மின்சாரம் இல்லாமல் பெட்டியில் போட்டு வைத்தால் பதிந்தது மெல்ல அழியவும் வாய்ப்புண்டு. எனவே எஸ்.எஸ்.டி. வேலை செய்வதற்கு, போட்டோக்களைப் பாதுகாக்க இன்னொரு இடம் கண்டிப்பாக வேண்டும். யுபிஎஸ்ஸும் அவசியம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. எங்கள் ஐ3 இரண்டாம் தலைமுறை. எஸ்.எஸ்.டி. போட்டாலும் இந்தத் தடை நீங்காது. குறுக்கு வழிகளில் இன்ஸ்டால் செய்யலாம்தான். ஆனால் வியாபாரக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய வேண்டாம்.

அப்படியானால் செலவு வீணா? இல்லை. இன்டர்நெட் பார்க்க, படிக்க, டைப் செய்ய என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தை அதே எஸ்.எஸ்.டி.யில் போட்டுப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். அதில் தமிழ்99 கீபோர்டு வசதியும் உண்டு. டேலி போன்ற விண்டோஸ் சாப்ட்வேர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் புதிய கம்ப்யூட்டருக்குத் திட்டமிட வேண்டியதுதான். அப்போதும் இந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புதியதில் இரண்டாவது டிரைவாக மாட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் இதுதான் முடிவு. அப்பாவின் பில் வேலை புதிய கம்ப்யூட்டருக்குப் போகும். பழையது லினக்ஸுடன் தங்கைக்கு.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் பக்கத்து ஊரான காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் காலத்து லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கின்றன. அந்த வயது லேப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். எனவே பிராக்கெட் இல்லாமலே எஸ்.எஸ்.டி. அதே இடத்தில் பொருந்தும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேலே சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். 2 ஜிபி ராம் மட்டும் இருந்தால் முதலில் ராமைக் கூட்ட வழி உண்டா என்று பாருங்கள். கல்லூரி நாட்களின் போட்டோக்கள் அதில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

மொத்த வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். காலையில் ஸ்மார்ட் பரிசோதனையும் காப்பியும். மதியத்துக்குப் பிறகு பொருத்துவதும் இன்ஸ்டால் செய்வதும். காப்பி எடுப்பதற்குத்தான் நிறைய நேரம் ஆகும். அந்த நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். சித்தப்பா வீட்டில் நான் மிச்சப்படுத்த நினைத்தது அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான்.